பரிமளம் போட்ட எட்டு

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு டாக்டரின் உபயம். ரத்த அழுத்தம் நூற்று எழுபதாம். "யார்கிட்டயும் கத்தாதீங்க சென்னியப்பன். கோபம் வந்தா ஒரு நோட்டுல எழுதி வையுங்க. அன்னன்னைக்கு மனசுல என்ன தோணுச்சோ அதை எழுதுங்க" என்றார். மோட்டார் வாகன ஆய்வாளனுக்கு மனசு எதற்கு என்று கேட்டேன். இதைக்கூடக் கத்தாமல் கேட்கலாமே என்றார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. சர்வீஸ் இருபத்து நான்கு வருடம். அடுத்தவன் காசில் ஒரு டீ குடித்ததில்லை. வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு லைசென்ஸ், தெரியாதவனுக்கு இல்லை. இவ்வளவுதான் என் வேலை, இவ்வளவுதான் என் வேதம்.

இன்று காலை டிரைவிங் ஸ்கூல் நாச்சிமுத்து ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு டெஸ்ட் மைதானத்துக்கே வந்துவிட்டான். "தோட்டத்துல காச்சதுங்க சார். நீங்க திங்காட்டிப் பரவால்லீங்க, அம்மாளுக்குக் குடுங்க" என்றான். நான் போட்ட சத்தத்தில் அந்த நேரம் எட்டு போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பதறிப்போய்க் காலை ஊன்றிவிட்டார். சுண்ணாம்பில் வரைந்த எட்டுக்குள் வண்டி வளைந்து வளைந்து வர வேண்டும், கால் தரையில் படக் கூடாது. பட்டால் பெயில். விதி என்றால் விதிதான். அவரைப் பெயிலாக்கினேன்.

இருபத்தாறு பேரில் பதினொரு பேர் பெயில். ஒருத்தன் கூலிங்கிளாஸோடு வந்து, "சீக்கிரம் பாருங்க சார், வேலை கெடக்குது" என்றான். எட்டு நன்றாகத்தான் போட்டான். ஆனால் கை சைகை காட்டியதில் ஓர் அலட்சியம் இருந்தது. பெயில். வீடு வீடாகப் பால் ஊற்றும் ஓர் அம்மா, புருஷன் இல்லாதவர், இரண்டு இடத்தில் கோட்டைத் தாண்டினார். அந்த இடத்தில் கோடு கொஞ்சம் அழிந்துதான் இருந்தது. பாஸ்.

லஞ்சம் வாங்குகிறவனுக்குத்தான் ஆசை, பயம், பாசம் எல்லாம். வாங்காதவனுக்கு அந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

டெஸ்ட் இல்லை. கோபமும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

பரிமளத்துக்குப் பதவி உயர்வு. பத்தொன்பது வருடமாக நம் ஊர்க்கோடி அங்கன்வாடியில் உதவியாளராகச் சாதம் வடித்து, முட்டை உரித்துக்கொண்டிருந்தவள். இனி பணியாளர், அதாவது ஒரு மையத்துக்கே பொறுப்பு. உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம்தான்.

மையம் வெள்ளாங்காட்டுப்புதூரில். பதினோரு கிலோமீட்டர். ஊருக்குள் போகும் பஸ் காலை ஆறேகாலுக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று. ஜூலை ஒன்றாம் தேதிக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன். என் ஆபீஸ் வடக்கே, அந்த ஊர் தெற்கே. அதனால் என்ன?

"வேண்டாமுங்க. நான் ஸ்கூட்டர்ல போயிக்கறேன்" என்றாள்.

"உனக்கு ஏது ஸ்கூட்டர்? ஏது ஓட்டத் தெரியும்?"

"ஏப்ரல்லயே எல்.எல்.ஆர். எடுத்துப்போட்டேனுங்க. நாச்சிமுத்து ஸ்கூல்ல ஒரு பொண்ணு சொல்லித்தருது. நல்லாச் சொல்லித்தருது."

நாச்சிமுத்து! உலகத்தில் வேறு ஸ்கூலே கிடையாதா? இரண்டு மாதமாக என் வீட்டிலேயே ஒரு ரகசியம் நடந்திருக்கிறது, அதுவும் எல்.எல்.ஆர். ரகசியம், எனக்குத் தெரியவில்லை. அதிகாரி நான்!

ஒரு விதத்தில் நல்லதுதான். தினமும் காலையில் அவளை அங்கன்வாடியில் இறக்கிவிட்டுத்தான் ஆபீஸ் போகிறேன். பத்து நிமிட வழி. அந்தப் பத்து நிமிடமும் ஊர்க்கதை பூராவும் என் காதுக்குள் கொட்டுவாள். யார் வீட்டுக்கு விருந்தாக ஒரம்பரை வந்தது, எந்தக் குழந்தை பக்கத்துக் குழந்தையின் முட்டையைத் தின்றது, மேற்பார்வையாளர் அம்மா என்ன சேலையில் வந்தார். எனக்கு எதற்கு இதெல்லாம்? இனிமேல் நிம்மதியாக வண்டி ஓட்டலாம். (இன்று கதை: கோகுல் என்ற நான்கு வயதுப் பையன் தூங்கும்போது தன் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறானாம். திருடு போகுமென்று பயமாம்.)

ஜூன் 10, திங்கள்

ஆபீஸ் வேலையாகச் சந்தைத் திடல் பக்கம் போக வேண்டியிருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகமில்லை. டீக்கடைக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. அங்கிருந்து பார்த்தால் பரிமளம் எட்டு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நன்றாகப் போட்டாள் என்று சொல்ல மாட்டேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். வளைவில் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். முடித்துவிட்டு, சொல்லித்தரும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

டீ சகிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

சாப்பிடும்போது போன வருடம் நம் வட்டாரத்தில் நடந்த இருசக்கர விபத்துகளின் பட்டியலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொதுநலம் கருதித்தான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"இதுல பொம்பளைங்க எத்தனை பேருங்க?"

"ரெண்டு."

"பாக்கி எல்லாம் ஆம்பளைங்களா? அப்ப நீங்களல்லவா வீட்டுல இருக்கோணும்?"

உப்பு கொஞ்சம் கூடுதல்.

ஜூன் 19, புதன்

வரிசை எண் பதினான்கு. பரிமளம், கணவர் பெயர் சென்னியப்பன். முடிவு: தவறினார். காரணம்: இரண்டாம் வளைவில் இடது கால் தரையில் ஊன்றியது.

நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன். பட்டியலில் அவள் பெயரைப் பார்த்ததும் கூட வேலை பார்க்கும் ஆய்வாளர் ரெஜினா வந்தார். தூத்துக்குடிப் பெண், மூன்று வருட சர்வீஸ். "சார், அம்மாவ நான் பாத்துக்கிடுதேன். நீங்க அந்தப் பக்கம் லாரி எஃப்.சி.யைப் பாருங்க" என்றார். நியாயமான யோசனை என்று சிலருக்குத் தோன்றலாம். "ஏன், நான் பார்த்தா பாஸ் போட்டுடுவேன்னு நினைக்கிறியாம்மா? என் நேர்மை மேல சந்தேகமா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன் போல. மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு நான் எப்படி விலகுவது?

பரிமளம் வந்தாள். போட்டாள். முடித்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, என் முன்னால் வந்து நின்றாள்.

"கால் ஊன்றியது" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் இடது காலைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாராம்! கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

ஜூன் 20, வியாழன்

ஊரே பேசுகிறது. "சொந்த மனைவியையே பெயிலாக்கிய நேர்மையாளர்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். என் பழைய போட்டோ, தலையில் முடி இருந்த காலத்தது. மளிகைக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ரத்த அழுத்தம் நூற்று எண்பது. சந்தோஷத்தில்கூட ஏறுமாம்.

ஜூன் 21, வெள்ளி

காலையில் வழக்கம்போல் வண்டியில் உட்கார்ந்தாள். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம். ஒரு வார்த்தை இல்லை. "அந்தக் கோகுல் பையன் இன்னும் செருப்பைத் தலைமாட்டுல வெக்கறானா?" என்று நானாகக் கேட்டேன். "வெக்கறானுங்க" என்றாள். அதோடு சரி.

ஜூன் 23, ஞாயிறு

ஊர் நலச் சங்கத்துக்காரர்கள் நான்கு பேர் வெள்ளைச் சட்டையில் வந்தார்கள். முப்பதாம் தேதி விழாவில் எனக்கு நேர்மைக்கான கேடயமாம். தலைவர் பரிமளத்திடம், "நீங்க குடுத்துவெச்சவங்கம்மா. இப்படி ஒரு மனுசன் கெடைக்கறதுக்கு..." என்றார்.

"ஆமாங்க" என்று அவள் ஐந்து டம்ளரையும் கொண்டுவந்து வைத்தாள். மற்ற மூன்று பேருக்கும் எனக்கும் காபியில் சர்க்கரை இருந்தது. தலைவருக்கு மட்டும் இல்லை. பாவம், குடித்து முடித்தார்.

ஜூன் 24, திங்கள்

பெயிலானவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். ஆனால் கம்ப்யூட்டரில் அவளுக்கு இடம் கிடைத்திருப்பது ஜூலை எட்டு. சேர வேண்டிய கடைசி நாள் ஜூலை ஒன்று. ஆபீசில் உட்கார்ந்து நானே ஆறு தடவை தேடிப் பார்த்தேன். இடம் இல்லை. அதுவரை நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

உத்தரவை அவள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். முதலில் சாமி படத்துக்குக் கீழே இருந்தது.

ஜூன் 25, செவ்வாய்

நாச்சிமுத்து வந்தான். பழம் கிழம் ஒன்றும் இல்லை, வெறுங்கை. என் மேஜைக்கு எதிரே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"சார், தப்பா நெனைக்காதீங்க. அன்னைக்கு நான் வேலியோரம் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. அம்மா கால ஊனல."

"நீ யார்றா சொல்றதுக்கு?"

"நான் ஆருமில்லீங்க. இருபது வருசமா இதே மைதானத்துல நிக்கறவன். ஏதாச்சும் வாங்கீட்டுப் பாஸ் போட்டவங்களைப் பாத்திருக்கறேன். ஒண்ணும் கெடைக்கலைன்னு பெயிலாக்குனவங்களையும் பாத்திருக்கறேன். ஒண்ணுமே வாங்காம ஒருத்தர் பொய்யா எழுதி நான் பாத்ததே இல்லீங்க. நெசமாத்தான் கேக்கறேன், இதுல உங்களுக்கு என்ன கெடைச்சுதுங்க?"

வெளியே போடா என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தாமல், மேஜை மேலிருந்த ஃபைலைப் புரட்டினேன். அவனே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நான் கேனயன். ஏதோ கிடைத்தது என்றால் நான் வாங்கியவன். வீடு வரும் வழியெல்லாம் இதே யோசனை. சிக்னலில் சிவப்பைக்கூடக் கவனிக்காமல் போய், கான்ஸ்டபிள் என்னைத் தெரிந்துகொண்டு சல்யூட் வேறு அடித்தார்.

ஜூன் 26, புதன்

கால் ஊன்றவில்லை.

எழுதிவிட்டேன். இன்னும் ஒரு தடவை எழுதுகிறேன். பரிமளத்தின் கால் ஊன்றவில்லை. அவ்வளவு சுத்தமான எட்டை இந்த வருடத்தில் நான் பார்க்கவில்லை. அவள் கடைசி வளைவைத் தாண்டும்போதே பேனாவைத் திறந்துவிட்டேன். முடித்துவிடுவாளே, முடித்துவிடுவாளே என்று இருந்தது. பேனா தானாக எழுதியது என்று சொல்ல ஆசைதான். பேனா தானாக எழுதாது. நான்தான் எழுதினேன்.

காலையில் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு கதவைச் சாத்தினார். "முடிவைத் திருத்த முடியாது சென்னியப்பன், பதிவாயிடுச்சு. நீங்க எழுதிக் குடுத்தா, விசேஷ அனுமதியில வெள்ளிக்கிழமை மறுதேர்வு வெக்கலாம். ஆனா உங்களுக்கு மெமோ குடுத்தாகணும். இருபத்து நாலு வருசத்துல உங்க ஃபைல்ல ஒரு கீறல் இல்ல. யோசிச்சுக்குங்க."

யோசித்தால் எழுத மாட்டேன் என்று தெரியும். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தவறான முடிவு பதிவு செய்தது பற்றி. வாசித்துவிட்டு, "காரணம்னு ஒரு வரி வேணுமே" என்றார்.

"கவனக்குறைவு" என்று எழுதினேன்.

அது பொய் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வேறு என்ன எழுத முடியும் அந்தக் காகிதத்தில்?

வீட்டுக்கு வந்து பரிமளத்திடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ கால் ஊனல."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சு ஏன் கேக்கல?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? என் காலு எங்கிட்டத்தானுங்க இருக்குது" என்றாள். பிறகு ஒரு காம்பை என் பக்கம் நீட்டி, "நீங்களே வந்து சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன். ஒரு வாரம் ஆச்சு" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீரை ஆய உட்கார்ந்துவிட்டேன். பாதி பூச்சி.

ஜூன் 27, வியாழன்

ஊர் நலச் சங்கத் தலைவருக்கு போன் போட்டு உள்ளதைச் சொல்லி, கேடயம் வேண்டாம் என்றேன். "அப்ப அதுல பேரை மாத்தோணுமே சார், பொறிச்சாச்சே" என்று வருத்தப்பட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அவர் பெயரும் 'செ'யில்தான் ஆரம்பிக்கிறதாம், பாதி வேலை மிச்சம்.

ஜூன் 28, வெள்ளி

மறுதேர்வு. ரெஜினா எடுத்தார். நான் அலுவலகத்துக்குள் இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று நானே எனக்கு உத்தரவு போட்டிருந்தேன்.

முதல் வளைவு பிரமாதம். இரண்டாம் வளைவில் திரும்பும்போது அவள் கண்ணில் நான் பட்டுவிட்டேன். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. இடது கால் இறங்கித் தரையைத் தொட்டு, மறுபடி மேலே ஏறிவிட்டது. கண் இமைக்கிற நேரம்தான். ஓட்டி முடித்துவிட்டாள்.

ரெஜினா என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். "சார்... வெயிலு கண்ணுல அடிச்சிட்டு. நான் சரியாப் பாக்கல" என்றார். நல்ல பெண். அந்த ஊரில் பரிமளத்துக்காகக் காத்திருக்கிற மையமும், மூன்று நாளில் முடிகிற கெடுவும் அவருக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா? நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதற்காகத் திறந்தேன் என்பதை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

அதற்குள் பரிமளம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஊனிப்போட்டேனுங்க அம்மிணி" என்றாள்.

"அக்கா, லேசாத்தானே..."

"லேசோ கெட்டியோ, ஊனுனது ஊனுனதுதானுங்க. அன்னைக்கு ஊனல, இன்னைக்கு ஊனிப்போட்டேன். எழுதிக்குங்க."

ரெஜினா எழுதினார். நான் ஒரு வாரம் புரண்டு புரண்டு, அழுத்தம் ஏறி, மெமோவுக்குத் தலை கொடுத்துச் செய்ததை இவள் ஹெல்மெட் கழற்றுகிற நேரத்தில் செய்துவிட்டாள். உள்ளூர எனக்குப் பெருமையாக இருந்தது. அதைவிட அதிகமாக வலித்தது. நான் அங்கே போய் நிற்காமல் இருந்திருந்தால் கால் இறங்கியிருக்காது.

ஜூன் 29, சனி

மெமோ வந்தது. மூன்று வரி. ஒரு எழுத்துப்பிழை.

ஜூன் 30, ஞாயிறு

பரிமளம் சாயங்காலம் ஒரு தாளை எடுத்துவந்தாள். "எங்க அங்கன்வாடித் திட்ட அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கறேன். பத்து நாளு டைம் கேட்டு. கவர்மென்ட் தமிழு உங்களுக்குத்தானே தெரியும், திருத்திக் குடுங்க" என்றாள்.

அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஐயா / அம்மா, மேற்படி மையத்தில் சேர்வதற்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் தேவைப்பட்டதால் 19ஆம் தேதி தேர்வுக்குப் போனேன். நன்றாக எட்டு போட்டேன். தேர்வு எடுத்த ஆய்வாளர் என் கணவர் ஆவார். அவர் பத்தொன்பது வருடமாகத் தினமும் என்னை வண்டியில் கொண்டுபோய் விடுபவர். இனி நான் தனியாகப் போய்விடுவேன் என்ற விசனத்தில், என் மீது கொண்ட அன்பின் காரணமாக, அவர் என்னைப் பெயிலாக்கிவிட்டார். பிறகு அவரே அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். 28ஆம் தேதி மறுதேர்வில் நானே காலை ஊன்றிவிட்டேன். அது என் தவறு. வரும் 8ஆம் தேதி மறுபடி தேர்வு உள்ளது. ஆகவே பத்து நாள் அவகாசம் தரும்படிக் கேட்டுக்கொள்கிறேன்."

சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.

"இதையெல்லாமா எழுதறது? 'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு போட்டா முடிஞ்சுது."

"அதுதான் காரணமுங்க. வேற இருந்தாச் சொல்லுங்க, மாத்திக்கறேன்."

வேறு இல்லை.

ஜூலை 1, திங்கள்

லீவு போட்டுவிட்டு அவளைத் திட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். வெளியே நிற்கிறேன் என்றேன். "உள்ள வாங்க" என்றாள்.

திட்ட அலுவலர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில். விண்ணப்பத்தை ஒரு தடவை படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். பக்கத்து மேஜை கிளார்க்குகள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் எப்படித்தான் அதற்குள் தெரிந்துகொண்டார்களோ!

"இந்த ஆய்வாளர் நீங்கதானா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாங்க."

"இதுல எழுதியிருக்கறது உண்மைதானுங்களா?"

"உண்மைதானுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எது உண்மை? பொய்யாப் பெயிலாக்குனதா? இல்ல, அன்புன்னு எழுதியிருக்காங்களே, அதா?"

அரசாங்க அலுவலகம். ஐந்து கிளார்க்குகள், ஒரு பியூன், கேரியரோடு யாரோ இரண்டு பேர். பரிமளம் சுவரில் இருந்த போலியோ சொட்டு மருந்துப் படத்தை அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இந்த வார்த்தையை நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுகூடச் சொன்னதில்லை.

"ரெண்டும்தானுங்க" என்றேன்.

பச்சை மையில் எழுதினார்: பதினொன்றாம் தேதி வரை அவகாசம் அளிக்கப்படுகிறது.

ஜூலை 8, திங்கள்

நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பாஸ். கையெழுத்து: ரெஜினா.